பிரித்து வைக்கப்பட்ட முதிய தம்பதியர்: ஒரு ஹாலிவுட் மெலோடிராமாவும் அதன் இந்திய வடிவங்களும்

வயதான கணவனும் மனைவியும் தங்கள் வீட்டை இழக்கிறார்கள். பிள்ளைகள் பலர் இருந்தும் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள எவராலும் இயலவில்லை. அப்பா ஒரு வீட்டுக்கும் அம்மா வேறொரு வீட்டுக்கும் அனுப்பப்படுகிறார்கள். இந்தக் கதைச் சட்டகம் இந்தியத் திரைப்படங்களில் பலமுறை வந்துள்ளது. கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என எல்லா மொழி ரசிகர்களும் இதைக் கண்டு அழுதிருக்கிறார்கள். இதன் பழைய, புகழ்பெற்ற திரைவடிவம் ஹாலிவுட்டில் 1937ஆம் ஆண்டு வெளியான 'மேக் வே ஃபார் டுமாரோ' என்னும் படமாகும். 'நாளைக்கு வழிவிடுங்கள்' என்று அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம்.

பிற்காலப் படங்கள் எல்லாம் இதன் உரிமையைப் பெற்று எடுக்கப்பட்டவை அல்ல. சில நேரடி மறுஆக்கங்கள். சில கதைக்கருவை மட்டும் பகிர்ந்துகொள்பவை. ஆயினும் ஒரே துயரத்தைப் பேசுவதால் இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். முதுமையில் துணையைப் பிரிவது யாருடைய குற்றம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு படமும் வெவ்வேறு விடை தருகிறது. அந்த விடைகளை ஒப்பிட்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெலோடிராமா என்னும் வகைமை

மெலோடிராமா என்ற சொல்லில் உள்ள 'மெலோஸ்' என்பது பாட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இசையோடு கூடிய நாடகம் என்பதே தொடக்கப் பொருள். பின்னாளில், உணர்ச்சியை மிகுத்துக் காட்டி, நல்லவர் கெட்டவர் என்று தெளிவாகப் பிரித்து, பார்ப்பவரைக் கண்ணீர் விடச் செய்யும் கதைகளுக்கு இப்பெயர் நிலைத்தது. தமிழில் 'அழுகைப் படம்' என்று எளிதாக ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படி ஒதுக்குவது சரியன்று. பேரரசர்களின் வீழ்ச்சியைத் துன்பியல் நாடகம் பாடியது. வாடகை வீட்டுக்காரரின் துன்பத்தையும், விதவையின் தனிமையையும், ஓய்வு பெற்றவரின் அவமானத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தது மெலோடிராமாதான். பீம்சிங், கே.எஸ்.கோபாலகிருஷ்ணன், ஸ்ரீதர், கே.பாலசந்தர் ஆகியோரின் குடும்பப் படங்கள் தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தன. ஒரு மெலோடிராமாவை மதிப்பிடும்போது அது அழவைக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. யாருக்காக அழவைக்கிறது, அழுது முடித்தபின் பார்ப்பவர் தம்மைப் பற்றி எதையேனும் எண்ணுகிறாரா என்றும் கேட்க வேண்டும்.

மூலப் படம்: 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937)

ஜோசஃபின் லாரன்ஸ் எழுதிய புதினத்தையும் அதன் நாடக வடிவத்தையும் தழுவி லியோ மெக்கேரி இப்படத்தை இயக்கினார். தயாரிப்பு பாரமவுண்ட் நிறுவனம். விக்டர் மூர், பியூலா பாண்டி ஆகியோர் பார்க்லி கூப்பர், லூசி கூப்பர் என்னும் தம்பதியராக நடித்தனர். பியூலா பாண்டிக்கு அப்போது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய மூத்த மகனாக நடித்த தாமஸ் மிட்செல் அவரைவிட மூன்று வயதே இளையவர்.

கணக்கராக இருந்த பார்க்லிக்கு நான்கு ஆண்டுகளாக வேலை இல்லை. அடமானத்தைத் திருப்ப முடியாததால் வீடு வங்கியின் கைக்குப் போகிறது. ஐந்து பிள்ளைகளில் நால்வரை அழைத்து, கடைசி நாள் நெருங்கிய பிறகே செய்தியைச் சொல்கிறார்கள். லூசி நியூயார்க்கில் உள்ள மகன் ஜார்ஜின் வீட்டுக்குப் போகிறாள். பார்க்லி முந்நூறு மைல் தொலைவில் உள்ள மகள் கோராவின் வீட்டுக்குப் போகிறார். தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கியது நிலைத்துவிடுகிறது. இறுதியில் உடல்நலத்தைக் காரணம் காட்டித் தந்தை கலிபோர்னியாவில் இருக்கும் இன்னொரு மகளிடம் அனுப்பப்படுகிறார். தாய் முதியோர் இல்லத்துக்குப் போகிறாள்.

காலப் பின்னணியை மறக்கக் கூடாது. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் நிறைவேறியது. மாதந்தோறும் ஓய்வூதியம் வழங்குவது 1940இல்தான் தொடங்கியது. கூப்பர் தம்பதியர் இடைப்பட்ட ஆண்டுகளில் சிக்கிக்கொண்டவர்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சி அவர்களுடைய சேமிப்பைக் கரைத்துவிட்டது. பிள்ளைகளும் செல்வர்கள் அல்லர்.

படத்தின் தன்மையை விளக்க மூன்று காட்சிகள் போதும்.

முதலாவது, சீட்டாட்ட வகுப்புக் காட்சி. ஜார்ஜின் மனைவி அனிதா, குடும்ப வருமானத்துக்காக வீட்டிலேயே 'பிரிட்ஜ்' ஆட்டம் கற்றுத் தருகிறாள். மாணவர்கள் கூடியிருக்கும் கூடத்தில் மாமியார் வந்து அமர்கிறாள். அவளுடைய ஆடும் நாற்காலி கிறீச்சிடுகிறது. அவளுடைய பேச்சு ஆட்டத்தைக் கலைக்கிறது. அப்போது கணவரிடமிருந்து தொலைபேசி வருகிறது. தொலைபேசியில் பேசிப் பழகாதவள் உரக்கப் பேசுகிறாள். குளிருக்குத் தக்க உடை அணியச் சொல்கிறாள். தன் ஏக்கத்தைச் சொல்கிறாள். முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு தலை குனிகிறார்கள். பார்ப்பவர் மருமகளின் சங்கடத்தையும் உணர்கிறார், மாமியாரின் தனிமையையும் உணர்கிறார். இருவரில் ஒருவரையும் வெறுக்க முடிவதில்லை.

இரண்டாவது, முதியோர் இல்லம் பற்றிய காட்சி. இல்லத்திலிருந்து வந்த கடிதத்தை லூசி ஏற்கெனவே பார்த்துவிடுகிறாள். மகன் தயங்கித் தயங்கிச் சொல்ல வரும்போது, அவன் வாய் திறக்கும் முன் தானே அங்கே போக விரும்புவதாகச் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். தந்தைக்கு இது தெரியக் கூடாது என்பது மட்டுமே அவள் கேட்கும் வரம்.

மூன்றாவது, இருவரும் நியூயார்க்கில் கழிக்கும் கடைசி ஐந்து மணி நேரம். மகிழுந்து விற்பவர் ஒருவர் அவர்களைச் செல்வர்கள் என்று எண்ணி வண்டியில் ஏற்றிச் செல்கிறார். உண்மை தெரிந்த பிறகும் அவர் கோபப்படுவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தேனிலவுக்குத் தங்கிய விடுதிக்குப் போகிறார்கள். அங்கு மேலாளர் அவர்களை விருந்தினராக நடத்துகிறார். நடன அரங்கில் வேகமான இசைக்கு ஆடத் தெரியாமல் நிற்கும்போது, இசைக்குழுத் தலைவர் அதைக் கண்டு பழைய மெட்டுக்கு மாற்றுகிறார். பிள்ளைகள் சமைத்து வைத்துக் காத்திருக்கும் விருந்துக்கு அவர்கள் போவதில்லை. ரயில் நிலையத்தில், மீண்டும் சந்திப்போம் என்று சொல்லிக்கொண்டே, சந்திக்க மாட்டோம் என்று தெரிந்தவர்களாக விடைபெறுகிறார்கள். ரயில் போகிறது. லூசி நடைமேடையில் தனியாக நிற்கிறாள். அத்துடன் படம் முடிகிறது.

இந்த முடிவை மாற்றும்படி நிறுவனத்தார் கேட்டும் மெக்கேரி மறுத்தார். படம் வசூலாகவில்லை, அவர் பாரமவுண்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வேறு நிறுவனத்துக்கு எடுத்த 'தி ஆஃபுல் ட்ரூத்' என்னும் நகைச்சுவைப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. தவறான படத்துக்கு விருது தந்துவிட்டீர்கள் என்று அவர் மேடையில் சொன்னது புகழ்பெற்றது. 2010இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது.

ஜப்பானிய வழி: 'டோக்கியோ ஸ்டோரி' (1953)

யசுஜிரோ ஓசு இயக்கிய 'டோக்கியோ ஸ்டோரி' இக்கதைச் சட்டகத்தின் மிகப் புகழ்பெற்ற மறுபிறப்பு. இதன் திரைக்கதையில் ஓசுவுடன் பங்கேற்ற கோகோ நோடா மெக்கேரியின் படத்தைப் பார்த்திருந்தார். இதில் வீடு பறிபோவதில்லை. ஒனோமிச்சி என்னும் ஊரிலிருந்து பெற்றோர் டோக்கியோவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோ மட்டும் அன்புடன் நடத்துகிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறக்கிறாள்.

ஓசு கதையின் நிகழ்ச்சிகளைக் குறைத்தார். மெக்கேரியின் நடுநிலையை விடவில்லை. மருத்துவரான மகனும் அழகு நிலையம் நடத்தும் மகளும் கொடியவர்கள் அல்லர். தத்தம் வேலையில் மூழ்கியவர்கள், அவ்வளவுதான். மறுஆக்கம் என்பது நிகழ்ச்சிகளை நகலெடுப்பது அன்று, மூலத்தின் மனநிலையைக் காப்பது என்பதற்கு இப்படம் சான்று.

இந்தியாவுக்கு வந்த கதை: 'ஸ்கூல் மாஸ்டர்'

மராத்தியில் ராஜா பராஞ்சபே 1954இல் இயக்கி நடித்த 'ஊன் பாவுஸ்' (வெயிலும் மழையும்), பிள்ளைகளால் பிரிக்கப்படும் ஆசிரியர் தம்பதியின் கதையைச் சொன்னது. கதையின் தலைவர் கணக்கராக இல்லாமல் பள்ளி ஆசிரியராக மாறியது இந்திய வடிவத்தின் முக்கியமான மாற்றமாகும்.

பி.ஆர்.பந்துலு இதை 1958இல் கன்னடத்தில் 'ஸ்கூல் மாஸ்டர்' என்று எடுத்தார். அவரும் எம்.வி.ராஜம்மாவும் தம்பதியராக நடித்தனர். சிவாஜி கணேசன் சிறப்புத் தோற்றத்தில் வந்தார். தமிழ் வடிவம் அதே ஆண்டில் 'எங்கள் குடும்பம் பெரிசு' என்ற பெயரில் வெளியானது. அடுத்த ஆண்டு இந்தியில் வந்தது. 1964இல் மலையாளத்திலும், 1972இல் என்.டி.ராமராவும் அஞ்சலிதேவியும் நடிக்க 'படி பந்துலு' என்று தெலுங்கிலும் வந்தது. 1973இல் ஜெமினி கணேசனும் சௌகார் ஜானகியும் நடிக்க மீண்டும் தமிழில் 'ஸ்கூல் மாஸ்டர்' என்ற பெயரிலேயே வந்தது. 'பந்துலு' என்ற தெலுங்குச் சொல்லுக்கே ஆசிரியர் என்ற பொருள் உண்டு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' ஆகிய பெரும் படங்களால் நினைக்கப்படும் பந்துலுவின் பெயர், இந்தச் சிறிய குடும்பக் கதையோடும் சேர்த்து நினைக்கப்பட வேண்டியது.

நேர்மையான ஆசிரியர் தம் உழைப்பால் பள்ளியையும் பிள்ளைகளையும் வளர்க்கிறார். ஓய்வுக்குப் பின் பிள்ளைகள் பெற்றோரைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே அவர்கள் படும் அவமானம் படத்தின் பிற்பகுதி. இறுதியில் அவரிடம் படித்து வாழ்வில் உயர்ந்த மாணவர் ஒருவர் கைகொடுக்கிறார்.

ஆசிரியரைக் கதைத் தலைவராக்கியது வெறும் தொழில் மாற்றம் அன்று. 1950களில் பள்ளி ஆசிரியரின் ஊதியம் மிகக் குறைவு. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், காப்பீடு ஆகிய மூன்றையும் சேர்த்து வழங்கும் முப்பயன் திட்டம் சென்னை மாநிலத்தில் அந்தப் பத்தாண்டின் நடுவில்தான் வந்தது. ஆதரவற்ற முதியோருக்கான அரசு உதவித்தொகை 1962இல் வந்தது. சமூகத்தில் மதிப்பு மிகுதி, கையில் பணம் இல்லை என்ற நிலைக்கு ஆசிரியரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. பார்க்லி கூப்பருக்கு ஊரில் நண்பர் ஒருவர்தான் உண்டு. ஆசிரியருக்கோ ஊர் முழுவதும் மாணவர்கள் உண்டு. பெற்ற பிள்ளைகள் கைவிடும்போது கற்ற பிள்ளை வருகிறான் என்ற எண்ணம் மூலப் படத்தில் இல்லாதது. இந்திய வடிவம் தானாகச் சேர்த்தது. குருதி உறவுக்கு வெளியேயும் மக்கட்பேறு உண்டு என்பது உயர்ந்த கருத்து.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. மாணவரின் வருகையால் துயரம் தீர்ந்துவிடுகிறது. நல்லது செய்தவருக்கு நல்லதே திரும்பி வரும் என்ற ஆறுதலுடன் ரசிகர் வெளியே வருகிறார். உண்மையில் எல்லா ஆசிரியருக்கும் அப்படி ஒரு மாணவர் வந்து சேர்வதில்லை. வராத ஆசிரியர்களைப் பற்றிப் படம் பேசுவதில்லை. மெக்கேரியின் நடைமேடையில் நிற்கும் லூசி அவர்களுக்காகவும் நிற்கிறாள்.

'பாக்பான்' (2003): மாறிப்போன மகிழுந்துக் காட்சி

ரவி சோப்ரா இயக்கத்தில் அமிதாப் பச்சனும் ஹேமமாலினியும் நடித்த 'பாக்பான்' (தோட்டக்காரன்) இச்சட்டகத்தின் பிற்கால இந்தி வடிவம். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ராஜ், மனைவி பூஜா, நான்கு மகன்கள். ஆறு மாதத்துக்கு ஒருவர் என்று பெற்றோரை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள மகன்கள் முடிவு செய்கிறார்கள். தந்தை தம் துயரத்தைப் புதினமாக எழுதுகிறார். அந்நூல் பெரும்புகழ் பெறுகிறது. ராஜ் படிக்க வைத்து ஆளாக்கிய ஆலோக் என்னும் வளர்ப்பு மகன் பெற்றோரைத் தாங்குகிறான். இறுதியில் பாராட்டு விழா மேடையில் தந்தை உரையாற்றுகிறார். மன்னிப்புக் கேட்கும் மகன்களை ஏற்க மறுக்கிறார்.

பிரிக்கப்பட்ட தம்பதியர் வெளியூரில் சந்தித்துச் சில மணி நேரம் சேர்ந்து கழிக்கும் பகுதியும், மகிழுந்து விற்பவர் அவர்களை வண்டியில் ஏற்றிச் செல்லும் காட்சியும் இதிலும் உள்ளன. இந்த ஒரு காட்சியே இரு படங்களின் வேறுபாட்டைச் சொல்லிவிடும். 1937 படத்தில், அவர்கள் வாங்கப்போவதில்லை என்று அறிந்த விற்பனையாளர் பண்புடன் விடைகொடுக்கிறார். 2003 படத்தில் விற்பனையாளர் சீறுகிறார். வளர்ப்பு மகன் அங்கே வந்து சேர்கிறான்.

மூலத்தில் அந்நியர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காட்டும் சிறு கருணைகள், பிள்ளைகள் தரத் தவறியதை மௌனமாக நினைவூட்டுகின்றன. எந்த அந்நியரும் அவர்களுடைய பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. ஒரு மாலைப் பொழுதை மட்டும் அழகாக்குகிறார்கள். 'பாக்பான்' படத்தில் அவமானம் வருகிறது, அவமானத்தை ஈடுசெய்யச் செல்வம் வருகிறது. மதிப்பு என்பது பணத்தோடு வந்து சேர்வது என்று அக்காட்சி அறியாமலே ஒப்புக்கொள்கிறது. தந்தை புகழ்பெற்ற எழுத்தாளர் ஆகாமல் வெறும் ஓய்வூதியராகவே இருந்திருந்தால் அவருடைய நியாயம் குறைந்துபோயிருக்குமா? படம் இக்கேள்வியை எழுப்புவதில்லை.

ஒப்பீடு

படங்களுக்கிடையிலான மாற்றங்களை நான்கு கூறுகளில் தொகுக்கலாம்.

குற்றவாளி: மெக்கேரியிடமும் ஓசுவிடமும் வில்லன் இல்லை. இந்திய வடிவங்களில் பிள்ளைகளின், குறிப்பாக மருமகள்களின், கொடுமை அழுத்திக் காட்டப்படுகிறது. இதனால் உணர்ச்சி கூடுகிறது, சிந்தனை குறைகிறது. திரையில் தோன்றும் மகன் அவ்வளவு கொடியவனாக இருந்தால், அரங்கில் உட்கார்ந்திருக்கும் எந்த மகனும் அவனில் தன்னைக் காண மாட்டான். ஜார்ஜ் அப்படியல்லன். பெற்றோரை வழியனுப்பப் போகாவிட்டால் நம்மைப் பற்றி மோசமாக நினைப்பார்களே என்று தங்கை கேட்கும்போது, நாம் மோசமானவர்கள்தானே என்ற பொருளில் அவன் திருப்பிக் கேட்கிறான். அந்த ஒரு கேள்வி எல்லாத் தண்டனைகளைவிடவும் கடுமையானது.

மருமகள் மீதே பழியைச் சுமத்துவது தனியாகக் குறிப்பிடத்தக்கது. பெற்றோரைப் பார்த்துக்கொள்வது என்று பேசும்போது, சமைப்பதும் துவைப்பதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் அவளுடைய கைகளே. முடிவெடுப்பவன் மகன், உழைப்பவள் மருமகள், பழியும் அவளுக்கே. 1937 படம் அனிதாவின் சீட்டாட்ட வகுப்பைக் காட்டியதன் மூலம் அவளும் உழைத்துச் சம்பாதிப்பவள் என்பதை நினைவூட்டியது. பின்வந்த வடிவங்களில் அந்த நியாயம் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

மீட்பர்: மூலத்தில் எவரும் இல்லை. ஓசுவிடம் நோரிகோ ஆறுதல் தருகிறாள், மீட்பதில்லை. இந்திய வடிவங்களில் மாணவரும் வளர்ப்பு மகனும் மீட்பர்கள்.

முதியோர் காதல்: மெக்கேரியின் படம் அடிப்படையில் ஒரு காதல் கதை. பிள்ளைகளின் நன்றியின்மையைவிட அந்தத் தம்பதியின் ஈடுபாடே அதன் மையம். பாரதிதாசன் தம் 'குடும்ப விளக்கு' நூலின் ஐந்தாம் பகுதிக்கு 'முதியோர் காதல்' என்றே பெயரிட்டார். முதுமையிலும் தொடரும் இல்லறக் காதல் தமிழுக்குப் புதிதன்று. இந்த ஒன்றில் 'பாக்பான்' மூலத்துக்கு நெருங்கி நிற்கிறது. பிரிந்திருக்கும் இருவரும் தொலைபேசியிலும் கடிதத்திலும் ஏங்குவதை அது வெட்கப்படாமல் காட்டியது. அப்படம் அடைந்த வெற்றியில் இதற்குப் பெரும் பங்கு உண்டு எனலாம்.

முடிவு: மூலத்தில் பிரிவு. இந்திய வடிவங்களில் சேர்க்கை. சேர்த்து வைப்பது தவறன்று. நம் நாட்டு நாடக மரபு மங்கல முடிவை விரும்புவது. ஆனால் பிரிவுக்கான காரணங்கள் (வருமானம், இடம், நேரம், யார் பார்த்துக்கொள்வது என்பவை) அப்படியே இருக்க, தற்செயலாக வந்த ஒரு நல்லவரால் மட்டும் எல்லாம் சரியாவதுதான் குறை.

மறுஆக்கம் அல்லாத தமிழ் விடைகள்

மெக்கேரியின் கேள்விக்குத் தமிழில் வந்த சிறந்த விடைகள் மறுஆக்கங்களில் இல்லை. வேறு மூன்று படங்களில் உள்ளன.

'வியட்நாம் வீடு' (1970) சுந்தரம் எழுதிய மேடை நாடகத்திலிருந்து உருவானது. பி.மாதவன் இயக்கினார். சிவாஜி கணேசன் 'பிரஸ்டீஜ்' பத்மநாபனாகவும் பத்மினி சாவித்திரியாகவும் நடித்தனர். எப்போதும் சண்டை நடக்கும் வீடு என்பதால் இப்பெயர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு மனிதரின் குரலுக்கு எடை குறைந்துபோவதை இப்படம் காட்டுகிறது. கணவனும் மனைவியும் இதில் பிரிக்கப்படுவதில்லை. பிள்ளைகள் விலக விலக, இருவரும் மேலும் நெருங்குகிறார்கள். தந்தையின் கௌரவப் பிடிவாதமும் ஒரு குறையாகக் காட்டப்படுவதால் பழி முழுவதும் பிள்ளைகள்மீது விழுவதில்லை. நடிப்பு உரத்த குரலில் இருந்தாலும் படத்தின் பார்வை நிதானமானது.

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) விசு எழுதி இயக்கி நடித்தது; ஏவி.எம். தயாரிப்பு. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் வளர்ந்த மேடை நாடக மரபின் மணம் அதன் உரையாடல் முழுவதும் உண்டு. கூட்டுக் குடும்பம் பணக் கணக்கால் உடைகிறது. வீட்டின் நடுவே கோடு விழுகிறது. வழக்கமான படமாக இருந்தால் கோடு அழிந்ததும் அனைவரும் ஒன்றாகிக் கும்பிட்டு நிற்பதுடன் முடிந்திருக்கும். இதிலும் சமாதானம் ஆகிறது. ஆனால் அதற்குப் பின், லட்சுமி நடித்த மூத்த மருமகள் உமா தனிக்குடித்தனம் போவதென்று முடிவெடுக்கிறாள். தள்ளி இருந்து அன்பைக் காப்போம், அவ்வப்போது கூடி மகிழ்வோம் என்பது அவள் வாதம். மருமகளை நியாயத்தின் பக்கம் நிறுத்தி, பிரிந்து வாழ்வதையும் ஓர் அன்பின் வடிவமாகக் காட்டியது இப்படத்தின் துணிச்சல். தேசிய விருதும் பெரும் வசூலும் பெற்றது. பிற மொழிகளிலும் எடுக்கப்பட்டது.

பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989) இவற்றுள் மெக்கேரிக்கு மிக அருகில் வருவது. மனைவியை இழந்த முதியவர் கிராமத்திலிருந்து சென்னையில் வாழும் உறவினர் வீட்டுக்கு வருகிறார். அங்கே அன்பு இருக்கிறது, வருமானம் போதவில்லை. இறுதியில் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். சொக்கலிங்க பாகவதரும் அர்ச்சனாவும் ஓவியர் வீர சந்தானமும் நடித்தனர். மற்றப் படங்களில் நடுவயது நடிகர்கள் நரைமுடி சூடி முதியவர்களாக நடித்தார்கள். இதில் உண்மையாகவே வயது முதிர்ந்த ஒருவர் திரையில் நடக்கிறார். அவர் நடையே பாதி வசனம். பாடல் இல்லை, வில்லன் இல்லை, மீட்பரும் இல்லை. வறுமை எப்படி நல்லவர்களையும் சிறியவர்களாக்குகிறது என்பதை இப்படம் எவரையும் குற்றம் சாட்டாமல் சொல்கிறது.

இன்றைய சென்னையும் இக்கதையும்

'சந்தியா ராகம்' வெளிவந்த காலத்தில் முதியோர் இல்லம் என்பது சென்னைக்குப் புதிய சொல்லாகவே இருந்தது. சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய 'விச்ராந்தி' அத்துறையில் முன்னோடி. இன்று கட்டணம் செலுத்தித் தங்கும் இல்லங்கள் நகரைச் சுற்றிப் பல உள்ளன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டு, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற அது வழிசெய்தது. சட்டம் பணத்தை வாங்கித் தரலாம். லூசியும் பார்க்லியும் கேட்டது பணம் அன்று. ஒரே கூரையின் கீழ் இருவருக்கும் ஓர் அறை.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பழைய தனி வீடுகள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இக்குடும்பங்களில் தம்பதியர் பிரிவு வேறு வடிவில் வருகிறது. மகளின் பேறுகாலத்துக்கு அம்மா வெளிநாடு போகிறாள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மேலும் சில மாதங்கள் தங்குகிறாள். அப்பா வீட்டைப் பார்த்துக்கொண்டு, மெஸ் சாப்பாட்டுடன் தனியாக இருக்கிறார். எவரும் எவரையும் கொடுமைப்படுத்துவதில்லை. எல்லாம் அன்பின் பெயரால், ஒப்புதலுடன் நடக்கிறது. தொலைபேசியில் உரக்கப் பேசிய லூசியின் இடத்தில் இன்று காணொளி அழைப்பு இருக்கிறது.

இக்கதையை மீண்டும் தமிழில் எடுக்க விரும்புபவருக்கு இதுவே தக்க களம். இங்கே வில்லனும் தேவையில்லை, மீட்பரும் தேவையில்லை.

மதிப்பீடு

மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு மறுஆக்கத்தை அளப்பது பிழை. 'ஸ்கூல் மாஸ்டர்' வரிசைப் படங்கள் ஆசிரியர்-மாணவர் உறவைச் சேர்த்து மூலத்தை ஒரு வகையில் செழுமைப்படுத்தின. ஆசிரியத் தொழிலின் மதிப்பை ஒரு தலைமுறையின் மனத்தில் பதித்தன. 'பாக்பான்' முதியோர் காதலை வெளிப்படையாகப் பாடியது. இவை குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல.

எனினும், இப்படங்களைப் பார்த்து அழும் பிள்ளை, நான் அப்படிப்பட்டவன் அல்லன் என்று எண்ணி நிம்மதியாக வீடு திரும்ப முடியும். மெக்கேரியின் படத்தைப் பார்த்த பிள்ளைக்கு அந்த நிம்மதி கிடைப்பதில்லை. ஊரில் இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ அன்றிரவே ஒருமுறை பேசத் தோன்றும். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படம் பேசப்படுவதற்கு இதுவே காரணம். தமிழில் இதே விளைவை உண்டாக்கக்கூடிய படம் 'சந்தியா ராகம்'. திரைப்படம் பயிலும் மாணவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நன்று. பார்க்கும்போது மருமகள்களாக வரும் அனிதாவையும் அர்ச்சனாவையும் கவனிக்க வேண்டும். ஒரு மெலோடிராமா எவ்வளவு நேர்மையானது என்பது, அது யாருக்காக அழுகிறது என்பதைவிட, யாரை வெறுக்க மறுக்கிறது என்பதில் தெரியும்.